அப்பாவின் சிபிஎஃப் யாருடைய பணம்?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வீட்டில் முதல் நாள் கேசரி கிண்டுவார்கள், மறுநாள் கணக்குப் போடுவார்கள். சிங்கப்பூரில் அந்த மறுநாள் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். நான் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். அதனாலேயே உறவுக்குள்ளும் ஈசூன் அக்கம்பக்கத்திலும் 'படிவம் நிரப்பித் தர்ற அக்கா' என்று பெயர் வாங்கிவிட்டேன். மற்ற மாதங்களில் வருமான வரி, வீட்டு விவகாரம் என்று வருவார்கள். மே தொடங்கிப் பல்கலைக்கழகம் திறக்கும் ஆகஸ்ட் வரை பிள்ளைகளின் கட்டணப் பேச்சுதான்.

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் என்றாலே ஊரில் இருப்பவர்கள் ஏதோ எட்டாத தொகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலை, பொறியியல் மாதிரியான பொதுப் பட்டங்களுக்குக் குடியுரிமை உள்ள பிள்ளை ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேலே கட்ட வேண்டியிருக்கும். மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் 11,000க்கு மேல். மருத்துவம் 30,000ஐத் தொடும். இதெல்லாம் கல்வியமைச்சு தன் பங்கைக் கட்டியது போக நம் கைக்கு வரும் பில். அந்தக் கட்டண மானியம் 1980இலிருந்து இருக்கிறது. குடிமக்களுக்குத் தானாகக் கிடைத்துவிடும், பத்திரம் எதுவும் எழுத வேண்டியதில்லை. வேலை அனுமதியில் இங்கே இருக்கும் நம் ஆட்களின் பிள்ளைகள் கதை வேறு. அவர்கள் மானியம் வாங்கினாலும் உள்ளூர்ப் பிள்ளை கட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும், படிப்பு முடிந்து மூன்றாண்டு இங்கே வேலை பார்ப்பதாக ஒப்பந்தமும் போட வேண்டும். அந்தக் குடும்பங்களின் கவலையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது நடுவில் இருக்கும் வீடுகளைப் பற்றி. நான்கு ஆண்டுக்கு 33,000 வெள்ளி. இருவரும் வேலைக்குப் போய் மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கொண்டுவரும் வீட்டில் அது மலைக்க வைக்கிற தொகைதான், ஆனால் கையை விரித்துவிடுகிற அளவுக்கும் இல்லை. அந்த இடத்தில்தான் எல்லா அப்பாக்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "சிபிஎஃப்ல எடுத்துக்கலாம், அது நம்ம காசுதானே."

சிபிஎஃப் என்கிற மத்திய சேம நிதி, தெரியாதவர்களுக்காக: ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியும் முதலாளி தருவதும் மாதாமாதம் போய்ச் சேரும் கட்டாயச் சேமிப்பு. அதில் சாதாரணக் கணக்கு என்று ஒன்று. பெரும்பாலோரின் வீட்டுக் கடன் அதிலிருந்துதான் கழிகிறது. அதே கணக்கிலிருந்து பிள்ளையின் பட்டப்படிப்புக் கட்டணத்தையும் கட்டலாம். சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை என்று வரம்பு உண்டு. வங்கிக்குப் போக வேண்டாம், ஜாமீன் தேட வேண்டாம், சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து நாலு தட்டு தட்டினால் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

அந்தத் திட்டத்தின் பெயரிலேயே கடன் என்று இருக்கிறது. வாங்குகிறவர் பிள்ளை, கொடுக்கிறவர் அப்பாவோ அம்மாவோ. பட்டம் முடிந்து ஓராண்டில் பிள்ளை திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அதிகபட்சம் 12 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். எடுத்த நாளிலிருந்து 2.5 விழுக்காடு வட்டி ஓடும். ஆண்டுக்கு 8,300 வீதம் நான்கு ஆண்டும் இப்படியே கட்டினால், பட்டமளிப்பு அங்கியைப் போடும் நேரத்தில் வட்டி மட்டும் சுமார் 2,000 வெள்ளி சேர்ந்திருக்கும். இதைச் சொன்னதும் "அப்ப பேங்க் லோன் எடுத்துரலாமா" என்பார்கள். கல்விக் கட்டணக் கடன் என்று வங்கிகள் மூலம் கொடுப்பது மானியம் போன கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும் காலம் முழுக்க வட்டி கிடையாது. பட்டம் முடிந்த பிறகுதான் வட்டி ஓடத் தொடங்கும். திருப்பிக் கட்ட 20 ஆண்டு வரை நேரம் உண்டு.

எது மலிவு என்று கேட்டுக்கொண்டு நிறைய பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சமான கேள்வி. வங்கிக் கடனின் வட்டி வங்கிக்குப் போகும். சிபிஎஃப் கடனின் வட்டி அசலோடு சேர்ந்து அப்பாவின் கணக்குக்கே திரும்பும், பிள்ளை கட்டினால். அந்தப் பணம் எடுக்கப்படாமல் கிடந்திருந்தாலும் அதே 2.5 விழுக்காடு சம்பாதித்திருக்கும். ஆக, பிள்ளை ஒழுங்காகக் கட்டினால் அப்பாவுக்குப் பெரிதாக நட்டம் இல்லை. கட்டாவிட்டால் முழுக்க நட்டம். எல்லாமே அந்த ஒரு 'கட்டினால்' மேல் நிற்கிறது. நம் வீடுகளில் வாயைத் திறந்து பேசாத விஷயமும் அதுதான்.

ஏன் பேசுவதில்லை? "எங்கிட்ட வாங்கினதை எங்கிட்டயே திருப்பித் தருவியா, நான் என்ன வேத்து ஆளா" என்பது நம் அப்பாக்களின் பெருமை. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. வேலைக்குப் போய்ச் சில காலத்திலேயே கல்யாணம், புது வீட்டு முன்பணம் என்று வரிசையாக வருகிறது. சிபிஎஃப்பிலிருந்து நினைவூட்டல் வரும்போது "அப்பா பாத்துப்பார்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்பாவோ 55 வயதைத் தாண்டி, ஓய்வுக்கென்று சிபிஎஃப் நிர்ணயிக்கும் முழு ஓய்வுக்காலத் தொகையை ஒதுக்கி வைத்திருந்தால் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம்தான். 2026இல் 55 ஆகிறவருக்கு அந்த முழுத் தொகை 220,400 வெள்ளி. எங்கள் புளோக்கில் கதவைத் தட்டி எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று கேட்டால் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இனி என் அண்ணன் வீட்டுக் கதை. அண்ணனுக்கு 53 வயது, கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர், சம்பளம் 4,100. அண்ணி ஒரு பாலர் பள்ளிச் சமையலறையில் பகுதி நேரம், 1,500. மகளுக்குப் பொறியியலில் இடம் கிடைத்தது. மகன் கட்டாய ராணுவப் பணியான தேசியச் சேவையில் இருக்கிறான். அம்மாவும் அவர்களோடுதான், அடையாள அட்டையிலும் அந்த முகவரிதான். அண்ணன் வழக்கம்போல "சிபிஎஃப்" என்றார். நான் "முதல்ல ஓசில கிடைக்கிறதைக் கேளுங்கண்ணே" என்றேன்.

அண்ணிக்குப் பயம். 'பர்சரி' என்றதும் 'பாண்ட்' என்று காதில் விழுந்திருக்கிறது. எத்தனை வருஷம் அவங்களுக்கு வேலை பார்க்கணும் என்று கேட்டார். பத்திரம் எழுதி வாங்குவது பெரும்பாலும் உபகாரச் சம்பளத்தில், அதாவது ஸ்காலர்ஷிப்பில். அரசாங்கத்துக்கு இத்தனை ஆண்டு வேலை செய் என்பார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்வியமைச்சு கொடுக்கும் உதவித்தொகைக்குத் திருப்பிக் கட்டுவதும் இல்லை, பத்திரமும் இல்லை. 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் இதை நன்றாகவே உயர்த்தினார். ஆகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பொதுப் பட்டக் கட்டணத்தில் அதுவரை பாதி கிடைத்தது, அப்போது முக்கால் பங்கு வரை என்று ஆனது. ஏழை வீட்டுப் பிள்ளை மருத்துவம் படித்தால் ஆண்டுக்கு 25,000 கட்டிய இடத்தில் 5,000 என்று இறங்கியதும் அப்போதுதான். அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. இது தெரியாமல் மருத்துவத்துக்கு விண்ணப்பமே போடாமல் விட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனிடம் இன்னும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

உதவித்தொகைக்கு அளவுகோல், வீட்டு மொத்த வருமானத்தைத் தலைகளால் வகுத்து வரும் எண். அண்ணன் வீட்டில் 5,600ஐ ஐந்தால் வகுத்தால் 1,120. அம்மாவைச் சேர்க்காவிட்டால் 1,400. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா முறுக்கைக் கடித்தபடி எட்டிப் பார்த்து, "நானும் ஒரு ஆளுன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதா" என்றார். அண்ணி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எந்த எண்ணுக்கு எவ்வளவு தருவார்கள் என்பது சில ஆண்டுக்கு ஒரு முறை மாறும். அதனால் தெரிந்தவர் சொன்ன பழைய எண்ணை நம்பி 'நமக்குக் கிடைக்காது' என்று இருந்துவிடக் கூடாது. போட்டுப் பார்க்கக் காசா பணமா.

இந்த வகுத்தல் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மேல்மாடியில் ஒரு குடும்பம். மூத்தவள் டிப்ளோமா முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சம்பளம் வீட்டு வருமானத்தில் ஏறியது, தம்பிக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை இறங்கியது. அவள் சம்பளத்திலிருந்து தம்பிக் கட்டணம் கட்டுகிறாள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவளோ தன் கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் முதல் சம்பளம் வாங்கிய பெண்ணை வீட்டில் யாரும் குறை சொல்லாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் சொன்னார்கள்.

சிண்டா பக்கம் போகச் சொன்னால் அண்ணன் முகம் சுருங்கும். சிண்டா என்பது 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். இந்தியர்களின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை அதற்குப் போகிறது. அண்ணன் சம்பளத்துக்கு 7 வெள்ளி, அண்ணிக்கு 3. "கை நீட்டணுமா" என்றார் அண்ணன். அவருடைய சம்பளச் சீட்டையே எடுத்து அந்த வரியைக் காட்டினேன். வருஷக்கணக்காக அவர் கொடுத்துவந்ததுதான் அது. கொடுக்கும்போது வராத கூச்சம் கேட்கும்போது மட்டும் ஏன் வர வேண்டும்? பதில் சொல்லவில்லை, ஆனால் மகளை விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, பலர் மறந்தே போவது: பிள்ளை பெயரில் ஏற்கெனவே இருக்கும் பணம். பிறந்தபோது தொடங்கிய குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் மிச்சம், பள்ளிக் காலத்து எடுசேவ் என்ற கல்விக் கணக்கின் மிச்சம் எல்லாம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்ற ஒன்றில் போய் உட்கார்ந்திருக்கும். அரசாங்கம் சில வரவு செலவுத் திட்டங்களில் அதில் கொஞ்சம் போடுவதும் உண்டு. கட்டணத்துக்கும் பயன்படும், பிறகு அந்த இரண்டு கடன்களையும் அடைக்கவும் பயன்படும். 30 வயது வரை எடுக்காவிட்டால் பிள்ளையின் சிபிஎஃப்புக்குப் போய்விடும். அண்ணன் மகள் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் கிடந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு மீதி இருந்தது. அண்ணி சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்து வளையல் பெட்டியை எடுத்து வைத்தார். நம் பெண்களுக்குக் கடன் என்ற சொல் பிடிக்காது, அடகு மட்டும் எப்படியோ கடனாகத் தோன்றுவதில்லை. தேக்கா பக்கம் அடகுக் கடைகளில் கூட்டம் பார்த்திருப்பீர்கள். இங்கே சட்டம் அனுமதிக்கும் அடகு வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காடு வரை. ஆண்டுக்குப் பெருக்கினால் 18. பிள்ளை தலையில் வங்கிக் கடன் ஏறக் கூடாது என்று அம்மா 18 விழுக்காட்டில் வளையலை வைக்கிறார்! பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். வைத்தார், மனசில்லாமல்.

பிறகு சிபிஎஃப். அண்ணனுக்கு 53. மகள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது 55 ஆகிவிடும். அப்போது ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கும், சாதாரணக் கணக்கில் இருப்பது முழுத் தொகையை எட்டும் வரை அங்கே நகரும். நான்காம் ஆண்டுக் கட்டணத்துக்குச் சாதாரணக் கணக்கில் என்ன மிச்சம் இருக்கும் என்பதே சந்தேகம். இப்போது எடுத்தால் ஓய்வுக்காலக் கணக்கில் அந்த அளவு குறைந்துதான் விழும். 65க்குப் பிறகு மாதாமாதம் கைக்கு வருவது அதை வைத்துத்தான். இதைச் சொன்னேன். "நான் எத்தனை நாள் இருக்கப் போறேன்" என்று ஆரம்பித்தார். இந்த வசனத்துக்கு எதிராகக் கணக்குப்பிள்ளையால் எதுவும் செய்ய முடியாது.

அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் வாயைத் திறந்தாள். "நான் பேங்க்லயே எடுத்துக்கறேம்ப்பா."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, அப்பா காசு கசக்குதா? படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே கடன்காரியா ஆகணுமா?"

"உங்ககிட்ட வாங்கினா நீங்க கேக்க மாட்டீங்க. நீங்க கேக்கலைன்னா நானும் குடுக்க மாட்டேன், எனக்கு என்னையே தெரியும். பேங்க்காரன் கேப்பான்."

அண்ணன் எழுந்து பால்கனிப் பக்கம் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்தார், நீதான் தூண்டிவிட்டாய் என்பதுபோல. நான் தூண்டவில்லை. ஆனால் எந்தத் திட்டம் மலிவு என்று நான் அரைமணி நேரம் தாளில் போட்ட கணக்கைவிட அவள் சொன்னது சரி. தன் குணத்தைத் தெரிந்துகொண்டு கடனைத் தேர்ந்தெடுக்கிறாள். படிக்கும்போது வட்டி இல்லை. வேலை கிடைத்து முதல் இரண்டு மூன்று ஆண்டு வீட்டிலேயே இருந்து பெருந்தொகையாகக் கட்டினால் அந்த வட்டி பெரிதாகக் கடிக்காது. குறைந்தபட்சத் தவணை மாதம் 100 வெள்ளி. 100 மட்டும் கட்டிக்கொண்டு 20 ஆண்டு இழுப்பவர்களுக்குத்தான் வங்கி லாபம் பார்க்கும். அவளிடம் அதை மட்டும் அழுத்திச் சொன்னேன்.

எல்லா வீட்டுக்கும் வங்கிதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா வயது நாற்பதுகளில் இருந்து, பிள்ளை சொன்ன சொல் காப்பாற்றும் என்று தெரிந்தால் சிபிஎஃப் கடன் நல்லதுதான், வட்டி வீட்டுக்குள்ளேயே சுற்றும். அப்படி ஒரு வீட்டில், வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் மாதமே வங்கியில் கைரோ (மாதாமாதம் தானாகக் கழியும் ஏற்பாடு) போட்டு அப்பா சிபிஎஃப்புக்கு 400 அனுப்பத் தொடங்கினான். அப்பா கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாதான் என்னிடம் சொன்னார். தனியார் கல்லூரியில் வெளிநாட்டுப் பட்டம் என்று போகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்செல்லாம் உதவாது. கட்டண மானியமும் இல்லை, சிபிஎஃப்பும் எடுக்க முடியாது, மிஞ்சுவது வங்கியின் சாதாரணக் கல்விக் கடன். அங்கே சேரும் முன் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. இதற்காக என்னோடு முறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

அண்ணன் மகளுக்கு உதவித்தொகை கிடைத்தது, முழுக்க இல்லை, ஆனால் மீதிக் கடன் எளிதாக மூச்சுவிடும் அளவுக்கு வந்துவிட்டது. வங்கிக் கடனுக்கு ஜாமீன் அண்ணி. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "உன் மருமக என்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம இருந்தா சரி" என்றார். மடிக்கணினி, பேருந்து, சாப்பாடு எல்லாம் அண்ணன் சம்பளத்திலிருந்து. விடுதி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஈசூனிலிருந்து பயணம் நீளம்தான்.

இப்போது மகன் முறை. அடுத்த ஆண்டு தேசியச் சேவை முடிகிறது. அண்ணனுக்கு 55 நெருங்கும் நேரம், சாதாரணக் கணக்கை நம்ப முடியாது. அக்கா வேலைக்குப் போகும் ஆண்டில் தம்பிக்குத் தலா வருமானம் எகிறும். ஜாமீன் போடுகிறவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அண்ணி ஒரு கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று, இந்த முறை என்னைக் கேட்கிறார்கள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முதலில் அவன் என் வீட்டுக்கு வர வேண்டும், அப்பா அம்மா இல்லாமல் தனியாக, முதல் சம்பளத்திலிருந்து எவ்வளவு கட்டப் போகிறான் என்று அவனே ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். முகாமிலிருந்து விடுப்பு கிடைத்தால்.